இலவச ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு?



சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்தோம். பேச்சு எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மேற்கணக்கிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா தன் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டுகளை அவிழ்த்து மேசையில் வைத்தார். ஒரு தடவை கிளினிக் போய்வந்த கணக்கு அது. நாங்கள் அங்கேயே கரும்பலகையில் எழுதிக் கூட்டினோம். மேட்டு லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஆட்டோ, போகவும் வரவும் 1600 ரூபாய். அவருக்கும் துணைக்குப் போன மகனுக்கும் பஸ் 400. ஆஸ்பத்திரியில் செய்ய வசதியில்லை என்று வெளியே செய்யச் சொன்ன இரத்தப் பரிசோதனை 1200. மருந்தகத்தில் இல்லாத குளிசைகளுக்கு வெளிக்கடையில் 1850. தேத்தண்ணி, ரொட்டி என்று 500. மொத்தம் 5550 ரூபாய். அன்றைக்கு அவர் மலைக்குப் போகவில்லை. ஆகவே அடிப்படைச் சம்பளம் 1550, வருகைக்கான 200 இரண்டும் போயின. எல்லாம் சேர்த்தால் 7300.

நான்கு நாள் பேருக்கு மேல். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரியில் அவரிடம் ஒரு சதம்கூட வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் பொய் சொன்னவர்களாவோம். வைத்தியர் பார்த்தது இலவசம், இருந்த மருந்து இலவசம், பின்னர் செய்த சத்திரசிகிச்சையும் இலவசம். இந்த நாட்டின் இலவச சுகாதாரம் வெறும் பேச்சல்ல. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் பல நாடுகள் காய்ச்சலோடு வந்த பிள்ளையின் தாயிடம் முதலில் காசைக் கேட்டுக்கொண்டிருந்தன. இங்கும் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தார்கள். 1977இல் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே எங்கள் சண்டை இலவச சுகாதாரத்தோடு அல்ல. அது ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் எங்கள் முறைப்பாடு. வாசலுக்கு வெளியே, லயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில், கட்டணம் வேறு வேறு பெயர்களில் குந்தியிருக்கிறது.

அந்த 1951ஐக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் தாத்தா பாட்டிமார் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியில் விழுந்த வரிதான் அந்த நாளைய அரசாங்கத்தின் பெரிய வருமானம். அந்தப் பணத்தில் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. நல்லது, எழட்டும். ஆனால் கொழுந்து பறித்தவளுக்கும் பால் வெட்டியவனுக்கும் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவனின் மலைக்கு ஆஸ்பத்திரி கேட்க எந்த எம்.பி.க்கு அவசியம்? ஆஸ்பத்திரிக் கதவை யாரும் எங்கள் முகத்தில் அடைக்கவில்லை. அந்தக் கதவு எங்கள் பக்கத்தில் கட்டப்படவில்லை, அவ்வளவுதான். தோட்டத்துக்காரர்களைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

தோட்டம் எப்படிப் பார்த்தது? 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தோட்டத்தில் நோயாளி இருந்தால் துரை அறிந்திருக்க வேண்டும், தேவையானால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் போதிய உணவும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதம் அவளை வேலைக்கு இழுக்கக் கூடாது. எழுதியவர்கள் தர்மவான்கள் இல்லை. கூலி செத்தால் தோட்டம் நிற்கும் என்ற கணக்கில் எழுதினார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் தெளிவு இருந்தது. தொழிலாளியின் உடம்புக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால், விரலை நீட்டிக் காட்ட ஒரு ஆள் இருந்தான்.

இன்றைக்கு யாரைக் காட்டுவது? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போயிற்று. தொண்ணூறுகளில் தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை தொடங்கியது. முப்பது வருடமாகியும் அந்த வேலை முடியவில்லை. இன்னும் எத்தனையோ தோட்டங்களில் ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒரு தோட்ட வைத்திய உதவியாளர், ஒரு அலுமாரி, பனடோல், ஒரு காயக் கட்டு. அவர்களில் நல்லவர்கள் பலர். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் அவர் வைத்தியர் அல்ல. நீரிழிவுக்கும் இருதயத்துக்கும் கர்ப்பப்பைக்கும் அவரிடம் மருந்து கிடையாது. கம்பனியைக் கேட்டால் ‘சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை’ என்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால் ‘அது தோட்டக் காணி’ என்கிறது.

அரசாங்கம் என்று ஒற்றை ஆளும் இல்லை. பதின்மூன்றாவது திருத்தத்தின் பிறகு பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மாகாண சபையின் கீழ். சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. எங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் ஏன் மருந்து இல்லை என்று எழுந்து கேட்க இங்கே தெரிவான ஒரு மாகாண உறுப்பினரும் இல்லை. ஆளுநருக்கு மனு எழுதுகிறோம். மனு போன வழியில் பதில் வருவதில்லை.

இப்போது அந்த அக்காவின் கதைக்கு வருகிறோம். பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். மாதக்கணக்கில் இரத்தப்போக்கு. கூடையைச் சுமந்துகொண்டு மலையேறும்போது கண் இருட்டும். கங்காணியிடம் சொல்ல வெட்கம், புருஷனிடம் சொல்லத் தயக்கம். ஒரு நாள் கிளம்பினார். சிங்களம் சந்தை அளவுக்குத்தான் தெரியும் என்பதால் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனைக் கூட்டிப்போனார். அந்தப் பையன் எங்கள் மாணவன். வைத்தியர் கேட்ட கேள்விகளை அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அம்மா சொன்னதை அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது? பதினைந்து வயதுப் பிள்ளை, சுற்றி நோயாளிகள் நிற்கிறார்கள். ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டான். வயிற்று எரிச்சலுக்குக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். இன்னும் ஐந்து மாதம் போனது. பிறகுதான் சங்கத்துச் சகோதரி ஒருவர் கூடப் போய், கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். மேலே எழுதிய கணக்கு அந்த இரண்டாம் பயணத்துக்குரியது. முதல் பயணத்தின் செலவு வேறு.

அந்தப் பையன் ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வந்த பிறகு கேட்டோம். “நான் ஒழுங்கா சொல்லியிருந்தா அம்மாவுக்கு இவ்வளவு வந்திருக்காது டீச்சர்” என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது என்றா? குடியியல் பாடத்தில் அதைத்தானே அவனுக்குப் படிப்பித்தோம்.

கிளினிக் நாட்களில் எங்கள் வகுப்பறைகளில் வாங்குகள் காலியாக இருப்பதன் காரணம் இதுதான். அப்பாயிக்குச் சீனி வருத்தம், தாத்தாவுக்குப் பிரஷர். துணைக்குப் போவது சிங்களம் விளங்கும் பிள்ளை. வரவுப் புத்தகத்தில் அவர்களுக்கு நாங்கள் போடும் பூச்சியங்களும் ஆஸ்பத்திரிக் கட்டணம்தான்.

கொழும்பில் சில பெரியவர்கள் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். நாடு வங்குரோத்தாகிவிட்டது, எல்லாருக்கும் இலவசம் கட்டுப்படியாகாது, வசதியுள்ளவன் கட்டட்டும், நலிந்தவர்களுக்கு மட்டும் அட்டை கொடுத்து இலவசமாக்கலாம் என்பது அந்தப் பாட்டு. கேட்க நியாயம் போலிருக்கும். பணக்காரன் ஏன் ஓசியில் மருந்து வாங்க வேண்டும் என்று எங்கள் ஆட்களே தலையாட்டுகிறார்கள். தலையாட்டு முன் அஸ்வெசுமவை நினைத்துப் பாருங்கள். 2023இல் அது தொடங்கியபோது யார் ஏழை என்று தீர்மானிக்க வீட்டில் என்ன சாமான் இருக்கிறது, கரண்ட் எவ்வளவு எரிகிறது என்று கேட்டார்கள். ஒரே லயக் காம்பராவில் இரண்டு அடுப்பு எரியும் கதை அந்தப் படிவத்துக்குள் அடங்கவில்லை. பக்கத்து பக்கத்துக் காம்பராவில் ஒரே சம்பளத்தில் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. மேன்முறையீடு எழுதிக் கொடுத்துக் கொடுத்து எங்கள் கை வலித்தது. அரிசிக் காசில் பிழை விட்டால் அடுத்த மாதம் திருத்தலாம். பிரசவ வலியோடு வாசலில் நிற்பவளிடம் ‘உன் பெயர் பட்டியலில் இல்லை’ என்றால் எந்த மேன்முறையீட்டில் திருத்துவது?

இதை ஆபிரிக்க மக்கள் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள். எண்பதுகளில் உலக வங்கி, ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் கட்டணம் வாங்குங்கள் என்று புத்தி சொன்னது. 1987இல் மாலி நாட்டின் பமாகோ நகரில் கூடிய ஆபிரிக்க சுகாதார அமைச்சர்கள், கிராமத்தவர் மருந்துக்குப் பணம் கட்டி அந்தப் பணத்தில் மருந்து வாங்கும் திட்டத்தை ஏற்றார்கள். பரம ஏழைக்கு விலக்கு உண்டு என்றுதான் எழுதப்பட்டது. நடைமுறையில் விலக்கு யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. விலக்குக் கொடுத்தால் டிஸ்பென்சரியின் பெட்டியில் காசு குறையும், அப்படியிருக்க யார் கொடுப்பான்? ஏழைகள் வீட்டிலேயே கிடந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு நாடாகத் திரும்பியது. தென்னாபிரிக்காவில் 1994இல் மண்டேலா பதவிக்கு வந்த கையோடு கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இலவச சிகிச்சையை அறிவித்தார். உகண்டாவில் 2001இல், தேர்தல் வாசலில், அரசாங்க சிகிச்சை நிலையங்களில் கட்டணம் நீக்கப்பட்டது. வருகிறவர்கள் தொகை பெருகியது, அதிலும் ஏழைகள்தான் கூடுதலாக வந்தார்கள். காசுதான் அவர்களைத் தடுத்து வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கூட்டத்துக்கு ஏற்ற மருந்தை அரசாங்கம் போடவில்லை. அலுமாரி காலியாகியது, நோயாளி தனியார் கடைக்குப் போனான். மிக ஏழைகளின் கையை விட்டுப் போன மருத்துவச் செலவு குறையவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். வாசலில் நீக்கிய கட்டணம் மருந்துக்கடையில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் அக்காவின் 1850 ரூபாயும் அதே சாதிதான்.

சியரா லியோன் யுத்தத்தால் நொறுங்கிய நாடு, எங்களைவிடப் பரம ஏழை. 2010 ஏப்ரல் 27ஆம் திகதி, தங்கள் சுதந்திர தினத்தில், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் கட்டணத்தை எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பு செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்கள் சம்பளம் உயர்த்தப்பட்டது. சம்பளப் பட்டியலில் இருந்த இல்லாத ஆட்களின் பெயர்கள் வெட்டப்பட்டன. மருந்து கொண்டுவர ஏற்பாடு நடந்தது. அங்கும் குறைகள் இருந்தன, மருந்து தட்டுப்பட்டது, களவும் போனது. ஆனாலும் இவர்கள் யாரிடமும் ஏழை அட்டை கேட்கவில்லை என்பதைப் பாருங்கள். கர்ப்பிணியா, உள்ளே வா. கைப்பிள்ளையா, உள்ளே வா. வயிற்றைப் பார்த்தால் தெரியும், பிள்ளையைப் பார்த்தால் தெரியும். கிராம சேவகரிடம் கடிதம் வாங்க ஓட வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு வேறு சாட்சி தேவையில்லை. 2016ஆம் ஆண்டு அரசாங்கமே நடத்திய குடித்தொகை சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவ நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022இல் பருப்பும் பால்மாவும் எட்டாத உயரத்துக்குப் போன பிறகு என்னவாயிருக்கும் என்பதை ஒன்றாம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கால் தரையைத் தொடாமல் தொங்குவதைப் பார்த்து நாங்கள் அறிகிறோம். குடும்ப நல உத்தியோகத்தர்கள் தோட்டத்துக்குள் வரத் தொடங்கிய பிறகு பிரசவ மரணமும் சிசு மரணமும் குறைந்தன, அதை மறக்கக் கூடாது. அரசாங்கத்தின் ஆள் லயத்துப் படியேறி வந்தால் எங்கள் மக்கள் பிழைக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சரி, என்ன கேட்கிறோம்? ஆட்டோக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த ரோட்டில் டயர் போனால் அவர் உழைப்பு போச்சு. 1990 அம்புலன்ஸ் இலவசம்தான், கூப்பிட்டால் வருகிறது, ஆனால் மேட்டு லயத்து ஏற்றத்தில் அது எப்படி ஏறும்? நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ரோட்டுக் கேள்வியும் ஆஸ்பத்திரிக் கேள்விதான். முன்பெல்லாம் ‘தோட்ட ரோட்டுக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது’ என்று பிரதேச சபை கையை விரிக்கும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தச் சாட்டும் போய்விட்டது. 2025 மே மாதம் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை பெல்மதுளையில் இருக்கிறது. உறுப்பினர்மார் கல்யாண வீட்டுக்கும் கருமாதிக்கும் தவறாமல் வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது நடந்தே மேலே ஏறச் சொல்லுங்கள்.

சம்பள விஷயம் கம்பனியோடு. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1350 ரூபாயை 1550 ஆக்கி, அதற்கு மேல் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபாய் வருகைக்காகத் தரும் என்று அறிவிக்கப்பட்டது. வருகைக்குக் காசு என்றால் நோயாளிக்கு வெட்டு என்று அர்த்தம். கிளினிக் கொப்பியில் திகதியும் முத்திரையும் இருந்தால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும், 200ஐயும் சேர்த்து. கர்ப்பிணியின் கிளினிக் நாளிலும் கைப்பிள்ளைக்கு ஊசி போடும் நாளிலும் அரைப்பேர் என்ற பேச்சே கூடாது. பால் வெட்டுகிற தோழர்களுக்கு இது இன்னும் கொடுமை. காலையில் மரத்துக்குப் போனால்தான் பால், கிளினிக்கில் நம்பர் எடுக்கவும் அதே காலைதான். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் மனிதன் எதை விடுவான்? கிளினிக்கைத்தான் விடுகிறான், பிறகு ஒரு நாள் மரத்தடியில் விழுகிறான். குளவி கொட்டியவர்களுக்கும் எலிக்காய்ச்சல் வந்தவர்களுக்கும் போக்குவரத்தைத் தோட்டம் கொடுப்பது தயவு என்று நினைக்காதீர்கள். வேலையில் வந்த காயத்துக்கு நட்டஈடு கொடுக்க 1934இலிருந்து சட்டம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் ஒருவர், கிளினிக் நாளிலாவது, வெளிநோயாளர் வாசலில் இருக்க வேண்டும். தோட்டங்களில் படித்து வேலையில்லாமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? டிஸ்பென்சரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை எப்போது முடியும் என்று திகதி சொல்லட்டும். மாதத்தில் இரண்டு நாள் வைத்தியரும் மருந்தும் தோட்டத்துக்கே வந்தால், நீரிழிவுக்காரரும் பிரஷர்காரரும் மலையிறங்க வேண்டியதில்லை. ஒரு வைத்தியர் ஏறி வருவது கஷ்டமா, அறுபது கிழவிகள் இறங்கிப் போவது கஷ்டமா?

சங்கங்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, எங்களையும் சேர்த்துத்தான். சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசையைத் தட்டுகிறோம், கூட்டு ஒப்பந்த காலத்திலும் தட்டினோம். கிளினிக் நாளுக்குப் பேர் என்று ஒரு வரியைக் கோரிக்கையில் சேர்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. மேசையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் ஒரு காரணம். அந்த அக்கா முந்தானையை அவிழ்க்கும் வரை எங்களில் யாரும் இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்ததில்லை. தேர்தல் காலத்தில் தலைவர் படம் போட்ட அம்புலன்ஸ் ஒன்று தோட்டத்துக்கு வந்து, பூசை போட்டு, தேங்காய் உடைத்து, மூன்றே மாதத்தில் டயரில்லாமல் நின்றதைப் பார்த்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நியாயம்தான்.

ஒரு வேலை சொல்கிறோம். இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் துண்டுகளை எறிய வேண்டாம். வெளியே வாங்கச் சொல்லி எழுதிய மருந்துத் துண்டு, கடை பில், பரிசோதனை பில், பஸ் டிக்கட், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆட்டோவுக்கு பில் இல்லை, திகதியையும் காசையும் பிள்ளையிடம் சொல்லிக் கொப்பியில் எழுதுங்கள். அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழுந்ததா, அரைப்பேரா என்பதையும் குறியுங்கள். மாத முடிவில் தோட்டக் கமிட்டித் தலைவி அல்லது தலைவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பாடசாலைக்கு வாருங்கள், மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். யாருக்கு என்ன நோய் என்று நாங்கள் எழுதப் போவதில்லை, திகதியும் காசும் போதும். மூன்று மாதத்துத் துண்டுகள் சேர்ந்ததும் மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும், பிரதேச சபைக்கும் பிரதி எடுத்துக் கொண்டு போகிறோம். முந்தானையில் துண்டு முடிந்து வந்த அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை மகன் பாடசாலையில் இருப்பான்.